பூஜு பான்டன்: பாட்டு, பழி, சிறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெகே என்ற ஜமைக்கா இசையைச் சொன்னால் நம்மில் பலருக்கு பாப் மார்லியோடு கதை முடிந்துவிடுகிறது. மார்லி 1981இல் இறந்தார். அதற்குப் பிறகும் ஜமைக்கா பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப் பாடியவர்களில் என்னை அதிகம் தொட்டவரும் அதிகம் வருத்தப்பட வைத்தவரும் பூஜு பான்டன். நண்பர்களுக்கு அவர் பாட்டைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் இந்தக் கேள்விகள் வருகின்றன. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யார் இந்த பூஜு பான்டன்?

இயற்பெயர் மார்க் ஆன்டனி மைரி. 1973 ஜூலை 15 அன்று ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தார். சால்ட் லேன் என்ற ஏழைக் குடியிருப்பு. பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா தெருவோர வியாபாரி. அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைக்காடுகளில் குடியேறி, பிரிட்டிஷ் படைகளை எதிர்த்து நின்ற மரூன் மக்களின் வழிவந்த குடும்பம் அது.

அவர் குரலை ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது. பத்தொன்பது வயதிலேயே அறுபது வயதுக் கிழவரின் கரகரப்பு. தொண்டையில் சரளைக்கல்லைப் போட்டு உருட்டியதுபோல் இருக்கும். அதே தொண்டையிலிருந்துதான் பின்னாளில் பிரார்த்தனைப் பாட்டுகளும் வந்தன.

அதென்ன பெயர், பூஜு பான்டன்?

சீமைப்பலா, ஈரப்பலா என்று சொல்வோமே, அந்தக் காய்க்கு மரூன் மக்களிடையே பூஜு என்று பெயர். ஜமைக்காவில் கொழுகொழு குழந்தைகளைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள். அவர் அம்மா வைத்த செல்லப்பெயர் அது. பான்டன் என்பது சொல்வன்மை உள்ளவனைக் குறிக்கும் பட்டம். சிறுவனாக அவர் மெய்மறந்து கேட்ட பர்ரோ பான்டன் என்ற மூத்த கலைஞரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தக் கரகரப்பான பாணியும் அவரிடமிருந்து வந்ததுதான்.

டான்ஸ்ஹால் என்றால் என்ன? ரெகேதானே?

ரெகேயின் பிள்ளை என்று சொல்லலாம். நம்மூர் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஊரையே அதிர வைப்பார், இல்லையா? கிங்ஸ்டனில் 1950களிலிருந்தே அது ஒரு தனிப் பண்பாடு. சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெயர், ரசிகர் கூட்டம், போட்டி. இசைத்தட்டைச் சுழற்றுபவர் செலக்டர். அந்த இசையின்மேல் மைக் பிடித்து எதுகை மோனையோடு பேச்சும் பாட்டுமாக அடித்து விடுபவர்தான் டீஜே. மற்ற நாடுகளில் டீஜே என்றால் தட்டு சுழற்றுபவர். ஜமைக்காவில் அது பாடுபவரின் பெயர்.

இன்னொரு சொல் ரிதிம். ஒரு தாளமும் பேஸ் வரியும் சேர்ந்த இசைப் படுகை அது. ஒரே ரிதிமின்மேல் இருபது பேர் இருபது பாட்டுகள் பாடலாம். படுகை ஒன்று, சொற்கள் வேறு. அதனால் டான்ஸ்ஹாலில் ஒரு கலைஞனின் சொந்தச் சொத்து அவன் சொல்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜுவின் வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் சொல்லை வைத்தே நடந்தன.

1985இல் ஸ்லெங் டெங் என்ற ரிதிம் வந்தது. கீபோர்டிலேயே செய்தது. வாத்தியக் குழுவுக்குச் செலவு செய்ய வேண்டிய தேவை குறைந்தது. குரலும் துணிச்சலும் உள்ள எந்தப் பையனும் ஸ்டூடியோ கதவைத் தட்டலாம் என்ற நிலை வந்தது. தட்டியவர்களில் ஒருவர் பூஜு.

எப்படி மேலே வந்தார்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தெரு சவுண்ட் சிஸ்டங்களில் மைக் பிடித்தார். 1987இல் முதல் இசைத்தட்டு. பிறகு தயாரிப்பாளர் டொனோவன் ஜெர்மைனின் பென்ட்ஹவுஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே டேவ் கெல்லி போன்றவர்கள் அமைத்த இசையில் 1992இல் வெடித்தார். மிஸ்டர் மென்ஷன் என்ற ஆல்பம் ஜமைக்காவில் சக்கைப்போடு போட்டது. ஒரே ஆண்டில் அதிக முதலிடப் பாட்டுகள் என்ற பாப் மார்லியின் சாதனையை அந்த ஆண்டில் அவர் முறியடித்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுதான்.

முதல் சர்ச்சையும் அந்த ஆண்டிலேயே வந்தது. வெளுத்த மேனிப் பெண்ணைப் புகழ்ந்து ஒரு பாட்டு பாடினார். கறுப்பினப் பெண்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது: தோலை வெளுக்க வைக்கும் கிரீம்களால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பெண்கள் நிறைந்த நாடு அது. சிவப்பழகு விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூஜு உடனே கறுப்புப் பெண்ணைக் கொண்டாடி இன்னொரு பாட்டைக் கொடுத்தார். விமர்சனத்தைக் காதில் வாங்கித் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர் அவர் என்பதற்கு இது சாட்சி. இன்னொரு விஷயத்தில் அதைச் செய்ய அவருக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

பூம் பை பை பாட்டில் அப்படி என்ன பிரச்சினை?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தன்பாலீர்ப்புள்ள ஆண்களைச் சுட்டுக் கொல்வதைக் கொண்டாடும் பாட்டு அது. தலைப்பே துப்பாக்கி ஓசையும் வழியனுப்பும் சொல்லும்தான். உருவகம், கவிதை நயம் என்றெல்லாம் சொல்லிக் காப்பாற்ற அதில் எதுவும் இல்லை.

பதினைந்து வயதில் எழுதியது, ஒரு சிறுவன் பாலியல் வன்முறைக்கு ஆளான செய்தியைக் கேட்ட ஆத்திரத்தில் எழுதியது என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அது இருக்கட்டும். பாட்டில் வரும் வெறுப்பு ஒரு குற்றவாளியின்மேல் இல்லை, ஒரு கூட்டத்தின்மேலேயே இருக்கிறது.

1992இல் அது வெளியானபோது ஜமைக்காவில் ஆட்டம் போட்டார்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் வரிகளின் பொருள் புரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. வோமாட் இசைவிழா அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டு அவருக்கு முன்னால் போய் நின்றது.

வெறும் பாட்டுதானே, யாரைக் கொன்றது என்று கேட்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த கனமான பதில் 2004 ஜூன் மாதம் கிங்ஸ்டனில் நடந்தது. ஜமைக்காவின் தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பான ஜே-ஃப்ளாக்கை நிறுவியவர்களில் ஒருவர் பிரையன் வில்லியம்சன். முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சியில் பேசியவர். அவர் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொள்ளைக்காக நடந்த கொலை என்றது போலீஸ். ஆனால் செய்தி பரவியதும் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் கூடிச் சிரித்துக் கொண்டாடியது. சிலர் பூம் பை பை வரியைப் பாடினார்கள். அன்று அங்கே வந்திருந்த, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் ஆய்வாளர் நேரில் கண்டு பதிவு செய்தது இது.

கொலைகாரன் கையில் இருந்தது பாட்டு இல்லை, சரி. ஆனால் ஒரு பிணத்தின் முன்னால் நின்று சிரிக்க அந்தக் கூட்டத்துக்குச் சொல் எடுத்துக் கொடுத்தது யார்?

ஜமைக்கா மட்டும்தான் அப்படியா?

இல்லை. ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கும் ஜமைக்காவின் சட்டம் 1864இல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்தது. பத்தாண்டு வரை தண்டனை. ஏறத்தாழ அதே காலத்தில், அதே ஆட்சி இந்தியாவுக்குக் கொடுத்ததுதான் 377ஆம் பிரிவு. மனமொத்த பெரியவர்களின் உறவை அதிலிருந்து நம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018இல்தான். அதனால் ஜமைக்காவைப் பார்த்து மூக்கைச் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. தேவாலயமும் சட்டமும் தெருவும் ஒரே விஷயத்தைச் சொல்லும் ஊரில் பதினைந்து வயதுப் பையன் அதைத் திருப்பிச் சொன்னான். எப்படி வந்தது என்று புரிகிறது. அதற்காகச் சரியென்று சொல்ல முடியாது.

ராஸ்தாஃபரி என்ற சமய வழிக்கு எப்படிப் போனார்?

1993இல் ஜமைக்கா டான்ஸ்ஹால் இரண்டு இளம் கலைஞர்களைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தது: பான் ஹெட், டர்ட்ஸ்மேன். இருவரும் பூஜுவுக்கு நெருக்கமானவர்கள். அந்தத் துக்கத்தில் பிறந்தது மர்டரர் என்ற பாட்டு. கொலைகாரனே, உன் மனசாட்சியிலிருந்து எங்கே போய் ஒளிவாய் என்று நேருக்கு நேர் கேட்கும் பாட்டு. துப்பாக்கிப் பெருமை பேசிய பையன் துப்பாக்கிக்கு எதிராகப் பாடினான். அந்தக் கேள்வி தன் பழைய பாட்டுக்கும் பொருந்தும் என்று அப்போது அவருக்கு உறைத்ததா? உறைக்கவில்லை என்றுதான் அடுத்து வந்த ஆண்டுகள் காட்டுகின்றன. அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

1994 டிசம்பரில் இன்னொரு அடி. ரெகேயின் அடுத்த பெரிய குரல் என்று எல்லோரும் நம்பிய கார்னெட் சில்க், கேஸ் சிலிண்டர் வெடித்து வீடு தீப்பற்றியதில் தாயோடு இறந்துபோனார். பூஜு அதற்குள் ராஸ்தாஃபரிக்காரர்களைப்போல் சடை வளர்க்கத் தொடங்கியிருந்தார். 1995இல் டில் ஷைலோ ஆல்பம் வந்தது. பைபிளின் ஆதியாகமத்தில் ஷைலோ வரும்வரை என்று ஒரு வரி உண்டு. ஜமைக்கா பேச்சுவழக்கில் அது காலமெல்லாம் என்று பொருள்படும். அந்த ஆல்பம் டான்ஸ்ஹாலையே திருப்பிப் போட்டது. வெறும் கம்ப்யூட்டர் தாளத்தோடு நின்றவர் பிரார்த்தனை மேளத்தையும் கிட்டாரையும் உள்ளே கொண்டுவந்தார். அவர் பின்னால் ஒரு தலைமுறையே ராஸ்தா வழிக்கு வந்தது.

ராஸ்தாக்கள் எதை நம்புகிறார்கள்?

1930இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹெய்லி செலாசியின் பழைய பெயர் ராஸ் தஃபாரி. அவரை இறைவனின் வடிவமாகக் கொண்டு ஜமைக்காவின் ஏழைக் கறுப்பர்கள் உண்டாக்கிய வழி இது. ஒடுக்கும் அமைப்பு எதுவானாலும் பாபிலோன். ஆப்பிரிக்காவே தாய்மண்.

நம் கதைக்கு முக்கியமானது அவர்களின் இன்னொரு நம்பிக்கை: சொல், ஓசை, சக்தி. வாயிலிருந்து வரும் சொல்லுக்கே உலகை மாற்றும் வலிமை உண்டு என்பார்கள். அதனால் ஆங்கிலத்தையே பிரித்து மேய்ந்தார்கள். நாங்கள் என்பதற்குப் பதில் நானும் நானும் என்பார்கள். உன்னுள் இருப்பவனும் என்னுள் இருப்பவனும் ஒருவனே என்ற பொருளில். இவ்வளவு உயர்ந்த இடத்தில் சொல்லை வைக்கும் வழியில் நிற்பவர் ஒரு கொலைப்பாட்டை எப்படிச் சுமந்தார் என்பதுதான் பூஜுவைப் பற்றி நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

கஞ்சாவும் ராஸ்தாவும்?

ராஸ்தாக்களுக்கு அது பூசைப் பொருள். ஜமைக்காவிலும் அதன் பெயர் கஞ்சாதான். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட 36,000க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு போன சொல் அது. அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்களும் கறுப்பின மக்களும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தார்கள். பூஜு தன் ஸ்டூடியோவில் இரண்டு கஞ்சாச் செடி வளர்த்ததற்காக ஒருமுறை அபராதம் கட்டினார். 2015இல் ஜமைக்கா சட்டத்தைத் தளர்த்திவிட்டது.

ராஸ்தா ஆனபிறகு அந்தப் பாட்டை விட்டாரா?

விடவில்லை. மேடைகளில் அதன் துணுக்குகள் தலைகாட்டின. 2004இல் கிங்ஸ்டனில் ஒரு வீட்டுக்குள் புகுந்து சில ஆண்களை அடித்த கும்பலில் அவரும் இருந்தார் என்று வழக்கு வந்தது. 2006 ஜனவரியில் போதிய சாட்சியம் இல்லையென்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

அந்தக் காலத்தில் பீட்டர் டாட்செல் போன்ற உரிமைச் செயல்பாட்டாளர்கள் பிரிட்டனில் நடத்திய இயக்கத்தால் டான்ஸ்ஹால் கச்சேரிகள் வரிசையாக ரத்தாயின. 2007இல் வன்முறை வரிகளைப் பாடமாட்டோம் என்று ஒரு உறுதிமொழி தயாரானது. பீனி மேன், சிஸ்லா, கேபிள்டன் ஆகிய சக பாடகர்களோடு பூஜுவும் கையெழுத்திட்டார் என்று அறிவித்தார்கள். அவரோ கையெழுத்திடவில்லை என்றார். 2009 அமெரிக்கப் பயணத்தில் பல அரங்குகள் கைவிரித்தன. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர் செயல்பாட்டாளர்களைச் சந்தித்துப் பேசினார். நல்லது நடக்கும்போல் இருந்தது. கொஞ்ச நாளிலேயே ஒரு ஜமைக்கா வானொலியில், அவர்களோடு நடக்கும் போருக்கு முடிவில்லை என்ற பொருளில் பேசிக் கதவை மூடிவிட்டார்.

கொக்கெயின் வழக்கு என்ன?

2009 ஜூலையில் மாட்ரிட்டிலிருந்து மயாமிக்கு விமானத்தில் வரும்போது பக்கத்தில் இருந்தவரோடு பேச்சுக் கொடுத்தார். ஒயின், அரட்டை, போதைப்பொருள் வியாபாரம் பற்றிய பெரிய பேச்சு. பக்கத்து ஆள் அமெரிக்க அரசுக்குக் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஆள்காட்டி. பிறகு மாதக்கணக்கில் போன்கள், சந்திப்புகள், எல்லாம் ஒலிப்பதிவாயின. டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடாவின் சரசோட்டாவில், போலீஸ் தயார் செய்து வைத்திருந்த கிடங்கில் பூஜு கொக்கெயினை விரலில் தொட்டு நாக்கில் வைத்தது வீடியோவில் பதிவானது. இரண்டு நாள் கழித்து வேறு இருவர் வாங்க வந்து மாட்டினார்கள். பூஜு அங்கே இல்லை. இருந்தும் அன்றே கைதானார்.

2010 செப்டம்பரில் டாம்பாவில் முதல் விசாரணை. ஜூரிகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. ஜாமீனில் வந்தார், பாப் மார்லியின் மகன் ஸ்டீபன் மார்லி தன் வீட்டையே பிணையாக வைத்தார். 2011 பிப்ரவரியில் இரண்டாம் விசாரணை. நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றில் குற்றவாளி. அதில் முக்கியமானது ஐந்து கிலோவோ அதற்கு மேலோ கொக்கெயின் விற்கக் கூட்டுச் சதி செய்தது. ஜூனில் பத்தாண்டுச் சிறை.

சிக்கவைக்கப்பட்டார் என்கிறார்களே, உண்மையா?

ஜமைக்காவில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆள்காட்டிக்கு இந்த வழக்குக்காக மட்டும் 50,000 டாலர் கிடைத்தது. வலியப்போய் விடாமல் தொடர்பில் இருந்ததும் அவர்தான். தீர்ப்புக்குப் பிறகு ஜூரிக் குழுவின் தலைவரே விதியை மீறி வழக்கைப் பற்றி வெளியே தேடிப் படித்தது தெரியவந்து, நீதிமன்ற அவமதிப்பில் தண்டிக்கப்பட்டார். கூட்டாளி கொண்டுவந்த துப்பாக்கிக்காக பூஜுமேல் போட்ட குற்றச்சாட்டை 2015இல் அரசுத் தரப்பே கைவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீடியோ பொய்யில்லை. பேச்சும் அவருடையதுதான். முதல் விசாரணையில் கூண்டில் ஏறி, ஆளை அசத்துவதற்காக வாய்க்கு வந்ததைப் பேசினேன், எனக்கு வியாபாரத்தில் அக்கறையே இல்லை என்றார். நான் அதைப் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் கூட்டுச் சதி என்ற குற்றமே வாய்ப்பேச்சில் முடிந்துவிடும் குற்றம். குற்றம் செய்ய இன்னொருவரோடு ஒத்துக்கொண்டாலே போதும்; பணமோ சரக்கோ கை மாற வேண்டியதில்லை. சொல்லுக்குச் சக்தி உண்டு என்று பாடியவர், சொன்ன சொல்லுக்காகவே உள்ளே போனார்.

கிராமி விருது வாங்கியது அந்த நேரத்தில்தானா?

ஆமாம். பிஃபோர் த டான் ஆல்பத்துக்குச் சிறந்த ரெகே ஆல்பம் விருது, 2011 பிப்ரவரி 13 அன்று. இரண்டாம் விசாரணை தொடங்கியது மறுநாள்.

வெளியே வந்ததும் என்ன நடந்தது?

2018 டிசம்பர் 7 அன்று ஜார்ஜியா மாநிலத்திலுள்ள மெக்ரே சிறையிலிருந்து விடுதலையாகி ஜமைக்காவுக்கு அனுப்பப்பட்டார். 2019 மார்ச் 16 அன்று கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கில் கச்சேரி. 30,000 பேருக்கு மேல் கூடினார்கள். வெள்ளை உடையில் வந்து, மண்டியிட்டுப் பிரார்த்தித்துவிட்டுப் பாடத் தொடங்கினார். அந்தக் காணொளியை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே மாதத்தில்தான் அந்த இன்னொரு செய்தியும் வந்தது. பூம் பை பையைத் தன் பாட்டுத் தொகுப்பிலிருந்தே நீக்குவதாகவும், இனி எப்போதும் பாடப்போவதில்லை என்றும் அறிவித்தார். அந்தப் பாட்டு கேட்பவர்களுக்கும், தன் ரசிகர்களுக்கும், தன் குடும்பத்துக்கும் வலி கொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களிலிருந்து பாட்டு போனது.

அது மனமாற்றமா, வியாபாரமா?

கச்சேரிப் பயணம் தொடங்கும் நேரத்தில் வந்த அறிவிப்பு என்பதால் சந்தேகப்படுபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இருபத்தேழு ஆண்டுகள் ரொம்பத் தாமதம். பிரையன் வில்லியம்சனுக்கு அது எட்டவே எட்டாது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். 2007இல் இதே காரியத்தைச் செய்திருந்தால் அவருக்கு லட்சக்கணக்கில் லாபம், அப்போது செய்யவில்லை. சிறைக்கும் தனிமைக்கும் பிறகு, ஊரே தோளில் தூக்கிவைத்த நேரத்தில், ஊருக்குப் பிடித்த பாட்டைக் கீழே போட்டார். அதனால் நான் அதை நம்பும் பக்கம் சாய்கிறேன்.

இப்போது என்ன செய்கிறார்?

2020இல் அப்சைட் டவுன் 2020, 2023இல் பார்ன் ஃபார் கிரேட்னஸ் என்று இரண்டு ஆல்பங்கள். 2024 ஜூலையில் நியூயார்க்கின் யுபிஎஸ் அரீனாவில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு அமெரிக்க மேடை ஏறினார்.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

டில் ஷைலோ ஆல்பத்தில் அன்டோல்ட் ஸ்டோரீஸ் என்று ஒரு பாட்டு. முதலில் அதைக் கேளுங்கள். கிட்டாரும் அந்தக் கரகரத்த குரலும் மட்டும்போலத்தான் இருக்கும். விலைவாசி ஏறுவது, கடைசிக் காசையும் செலவழித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், படித்தும் வழியில்லாத இளைஞர்கள் என்று சால்ட் லேன் கண் முன்னால் வரும். பேச்சுமொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் முதல் தடவை பாதி புரியவில்லை. அப்புறம் 1997இல் வந்த இன்னா ஹைட்ஸ் ஆல்பத்தில் டெஸ்டினி. நீதிமொழிகள் புத்தகத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, ஏழைக்கு அவன் வறுமையே அழிவு என்று பாடுவார். மர்டரரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும்போது அவருக்கு இருபது வயது என்பதையும், ஒரு வருடம் முன்னால் வந்த இன்னொரு பாட்டையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.